“என்னால் முடியவில்லை” – புகையும் நோன்பும்

ஆம்பூரில் ஒரு தராவீஹ் தொழுகைக்குப் பின், தோல் ஷாப்பில் வேலை செய்யும் சகோதரர் ஒருவர் நம்மிடம் வந்து அமர்ந்தார். சுண்ணாம்புக் குழியில் தோல்களைப் புரட்டிப் புரட்டி வெளுத்துப் போன விரல்கள். உருதுவும் தமிழும் கலந்த நம் பக்கத்துப் பேச்சில் அவர் கேட்டது இதுதான்: “ஹஜ்ரத், ஸஹர் முடிந்ததிலிருந்து மஃரிப் பாங்கு வரை நான் பீடியைத் தொடுவதில்லை. நோன்பு திறந்ததும் பேரீச்சம் பழத்துக்கு அடுத்தபடி கை சட்டைப் பைக்குத்தான் போகிறது. விட முடியவில்லை என்று வீட்டில் சொன்னேன். 13 மணி நேரம் விட்டிருந்தீர்களே, அப்போது மட்டும் எப்படி முடிந்தது என்று என் வீட்டார் கேட்கிறார். நான் பொய் சொல்கிறேனா ஹஜ்ரத்?”

வழக்கமான பதில் நம் நாவின் நுனியில் இருந்தது. ஆனால் அவர் புகைப்பது ஹலாலா ஹராமா என்று கேட்கவில்லை. தம்மைப் பற்றிக் கேட்டார். “முடியவில்லை” என்று ஒரு முஃமின் சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? அது அவருடைய நிலையின் உண்மையா, அல்லது நஃப்ஸு அவருக்குக் கற்றுக் கொடுத்த வசனமா? கேள்வியின் கனத்தை வீட்டுக்குப் போகும் வழியில்தான் நாம் உணர்ந்தோம்.

முதலில் ஹுக்மைச் சுருக்கமாகச் சொல்லி விடுவோம். அதைச் சொல்லாமல் மேலே போவது முறையாகாது. புகையிலை நம் நான்கு இமாம்களின் காலத்தில் இல்லை. ஹிஜ்ரி 1000ஐ ஒட்டித்தான் அது முஸ்லிம் நாடுகளை வந்தடைந்தது. வந்த நாள் முதல் உலமாக்கள் கருத்து வேறுபட்டார்கள். மாலிகி மத்ஹபில் இமாம் லகானி தடுத்தார்கள். அதே மத்ஹபின் உஜ்ஹூரி அவர்கள் அனுமதித்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் கல்யூபி அவர்கள் ஹராம் என்றார்கள். ஹனஃபிகளில் ஷாம் நாட்டு அப்துல் கனி நாபல்ஸி அவர்கள் ஆகும் என்று ஒரு தனி நூலே எழுதினார்கள். லக்னோவின் மௌலானா அப்துல் ஹை அவர்களும் இதற்கென ஒரு கிதாபு எழுதியிருக்கிறார்கள். ஆகும் என்றவர்களின் ஆதாரம் என்ன? எல்லாப் பொருள்களும் அசலில் ஆகுமானவையே; தடுப்பதற்கு ஆதாரம் வேண்டும்; இது எல்லாருக்கும் தீங்கு செய்வதாக நிரூபணமாகவில்லை என்பதே. இந்தக் கடைசி வாக்கியத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அது மார்க்க ஆதாரமன்று. வைத்தியம் சம்பந்தப்பட்ட ஒரு தகவல். அந்தத் தகவல் மாறி விட்டது. 1950ல் இங்கிலாந்தின் டால், ஹில் என்ற இருவர் புகைக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். 1964ல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி அதை உறுதி செய்து அறிக்கை விட்டார். தூர தேசத்துச் செய்தி என்று ஒதுக்குவோருக்கு நம் மாநிலத்துச் செய்தியே இருக்கிறது. சென்னை நகரிலும் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களிலும் இறந்து போன 43,000 ஆண்களைப் பற்றி விசாரித்து, உயிரோடிருந்த 35,000 பேரோடு ஒப்பிட்டு, 2003ல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. புகைப்பவர் காச நோயால் இறப்பது புகைக்காதவரைக் காட்டிலும் நான்கு மடங்குக்கு மேல் என்று அது கண்டது. இந்திய ஆண்களின் காச நோய் மரணங்களில் ஏறக்குறைய பாதி புகையால் நேர்பவை என்றும் அவ்வாய்வாளர்கள் கணித்தார்கள். அந்த ஊர்களில் சாமானியர் கையில் இருந்தது பெரும்பாலும் சீமைச் சிகரெட்டல்ல, நம் பீடிதான்.

ஆகவே ஆகும் என்று சொன்ன பெரியார்களை நாம் குறை கூறவில்லை. அவர்கள் வைத்த நிபந்தனையை அவர்கள் வைத்தபடியே எடுத்துக் கொண்டால், இன்று அவர்களுடைய வழியிலேயே நடந்து தடை என்ற முடிவுக்கு வந்து சேருகிறோம். உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் போட்டுக் கொள்ளாதீர்கள் என்ற கருத்தில் அமைந்த அல்பகராவின் 195ஆம் வசனத்தை நாம் அறிவோம். வெங்காயமும் பூண்டும் தின்று விட்டு அந்த வாடையோடு பள்ளிக்கு வர வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததையும் அறிவோம். வெங்காயத்துக்கே அப்படியென்றால், பீடி நாற்றத்தோடு முதல் ஸஃப்பில் நிற்பவரின் பக்கத்தில் நிற்பவர் படும் பாட்டை என்னவென்பது? (வெற்றிலையோடு புகையிலை சேர்த்து மெல்லும் ஆலிம்கள் நம்மிலும் இருக்கிறார்கள். மிம்பரில் ஏறி இந்த விஷயத்தைப் பேசுமுன் வாயைக் கொப்பளித்துக் கொள்வது மட்டும் போதாது.)

ஹுக்மு தெரிந்து விட்டால் பழக்கம் போய் விடுமா? போகாது. நம் நாட்டில் ஜஹாங்கீர் பாதுஷா 1617ல் புகையிலையைத் தடை செய்தார். துருக்கியின் சுல்தான் 4ஆம் முராத் 1633ல் தடை செய்ததோடு நில்லாமல் புகைத்தவர்களைக் கொல்லவும் செய்தார். மக்கள் ஒளிந்து புகைத்தார்கள். சில ஆண்டுகளில் அதே நாட்டின் ஷைகுல் இஸ்லாம் பஹாயீ எஃபெந்தி அவர்கள் ஆகும் என்று ஃபத்வா கொடுத்தார்கள். அவர்கள் தாமே புகைப்பவர் என்பதால் அப்படிக் கொடுக்கவில்லை, மக்களின் நிலையைக் கருதியே கொடுத்தார்கள் என்று 1656ல் காத்திப் செலபி என்ற அறிஞர் பரிந்து எழுதியிருக்கிறார். வாளுக்கு அஞ்சி விடாததை மனிதன் மஃரிப் பாங்குக்காக 13 மணி நேரம் விட்டு வைக்கிறான் என்றால், நாம் ஆராய வேண்டிய இடம் அதுதான்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு ஷரஹு அகாயிதில் ‘இஸ்திதாஅத்’ என்ற பாடம் நினைவிருக்கும். சக்தி, இயலுதல் என்று பொருள். இமாம் நஸஃபி அவர்களின் அகீதாவில் அதற்கு இரண்டு பொருள் சொல்லப்படுகிறது. ஒன்று, உறுப்புகளும் சாதனங்களும் ஊனமின்றி இருத்தல். கை கால் நன்றாக இருப்பவன், தண்ணீர் கிடைப்பவன் ஒளுச் செய்ய இயன்றவன் என்பது இந்தப் பொருளில். மார்க்கக் கட்டளை இந்த இயலுதலைப் பொறுத்தே வருகிறது. இரண்டாவது, செயலைச் செய்விக்கும் உண்மையான சக்தி. இது செயலோடு சேர்ந்து வருவது. செயலுக்கு முன்னால் வந்து காத்திருப்பதன்று. ஓதுகிற காலத்தில் இது வெறும் தர்க்கம் என்று எண்ணிப் பரீட்சைக்காக மனனம் செய்தோம். தோல் ஷாப்புச் சகோதரரின் கேள்விதான் அதற்கு உயிர் கொடுத்தது.

அவர் “முடியவில்லை” என்று சொல்வது முதல் பொருளில் உண்மையன்று. அவருடைய நோன்பே அதற்குச் சாட்சி. அவருடைய வீட்டார் கேட்டது இந்தப் பொருளில்தான், கேட்டதில் தவறுமில்லை. ஆனால் இரண்டாம் பொருளில் அவர் பொய் சொல்லவுமில்லை. தம் உள்ளே கையை விட்டுத் தேடிப் பார்க்கிறார். விடுவதற்கான பலம் அங்கே இல்லை. எப்படி இருக்கும்? விடும் பலம் விடும்போதுதான் வரும். ஸஹர் நேரத்தில் நிய்யத்துச் செய்யும்போது பகல் 3 மணிப் பசியைத் தாங்கும் பலம் யாருடைய வயிற்றிலும் இல்லை. 3 மணிக்கு அது வந்து சேருகிறது. பலம் வந்த பின் விடுவேன் என்று காத்திருப்பவர், நீந்தக் கற்றுக் கொண்ட பிறகுதான் கிணற்றில் இறங்குவேன் என்பவரைப் போன்றவர். ஆற்றலுக்கு மேல் அல்லாஹ் எவரையும் சுமத்துவதில்லை என்ற வசனத்தைச் சிலர் பழக்கத்துக்கு அரணாக எடுத்துக் கொள்கிறார்கள். அது அரணன்று. கட்டளை வந்திருப்பதே, இயலும் என்பதற்குச் சாட்சி.

அப்படியானால் 30 நாள் நோன்பு நோற்றவர் ஏன் ஷவ்வால் முதல் பிறையிலும் புகைக்கிறார்? இதற்கு வைத்திய நூல்கள் ஒரு காரணம் சொல்கின்றன. புகையிலையின் நிக்கோட்டின் என்னும் சத்து இரத்தத்தில் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்து கொண்டே வரும். அது குறையக் குறைய எரிச்சல், தலைவலி, கோபம், தூக்கமின்மை எல்லாம் தலை தூக்கும். இந்த அவஸ்தை 2ஆம் 3ஆம் நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல இறங்கி, 3 அல்லது 4 வாரத்தில் பெரும்பாலும் அடங்கி விடும். இப்போது ரமளானில் புகைப்பவரின் நிலையைப் பாருங்கள். பகலெல்லாம் அவஸ்தைப்படுகிறார், மஃரிபுக்குப் பின் ஒரு பீடியால் அதை அழித்து விட்டு மறுநாள் புதிதாகத் தொடங்குகிறார். விடுவதன் முதல் நாளை அவர் 30 தடவை அனுபவிக்கிறார், 4ஆம் நாளை ஒரு தடவை கூடக் காண்பதில்லை. கஷ்டமான பகுதி முழுவதையும் தாங்கி விட்டு, இலேசான பகுதியை மட்டும் வேண்டாமென்று தள்ளி விடுகிறார்! இவ்வளவு சிரமத்தைச் சுமப்பவரைப் பலவீனர் என்று சொல்ல நமக்கு நாக் கூசுகிறது. அவர் பலசாலி, பலத்தைப் பகலில் செலவழித்து விட்டு இரவில் கை விட்டு விடுகிறார்.

இன்னுமொரு வித்தியாசம் உண்டு. நோன்பாளி பகலில் ஒவ்வொரு நிமிஷமும் ‘புகைக்கலாமா வேண்டாமா’ என்று தமக்குள் பஞ்சாயத்து வைப்பதில்லை. ஸஹரில் ஒரு தடவை முடிவாகி விட்டது. பிறகு அந்தக் கதவு திறப்பதில்லை. இரவில்தான் பஞ்சாயத்து கூடுகிறது. பஞ்சாயத்து கூடினால் நஃப்ஸுதான் தலைவர், தீர்ப்பு எப்போதும் ஒரு பக்கம்தான். ஆகவே நாம் அந்தச் சகோதரருக்குச் சொன்னது இதுதான்: ஆயுள் முழுவதும் விடுவதாக நிய்யத்து வைக்க வேண்டாம். ஷாஃபிஈ மத்ஹபில் ஒவ்வொரு நோன்புக்கும் முந்திய இரவிலேயே தனித் தனி நிய்யத்து வேண்டுமல்லவா? அது போல இஷாவுக்குப் பின் மறுநாள் இஷா வரைக்கும் மட்டும் நிய்யத்துச் செய்யுங்கள். இரவும் அந்த நாளில் சேர்ந்தது என்பது மட்டுமே வித்தியாசம். முதல் 3 இரவுதான் கடுமை.

ஒரு பெரிய ஆபத்தையும் அவரிடம் எச்சரித்தோம். இனிப் பீடி தொட்டால் என் பெண்சாதி தலாக் என்று சபதம் போடும் மடமை நம் பக்கத்தில் உண்டு. தன் நாக்கையே அடக்க முடியாதவன் தன் பழக்கத்தை அடக்கப் பிறர் கழுத்தைப் பிணையாக வைக்கிறான்! ஹனஃபி மத்ஹபில் நிபந்தனை நிறைவேறினால் தலாக் விழும். ஒரு பீடிக்காகக் குடும்பம் கலைந்து முஃப்தியின் வாசலில் அழுது நிற்பதைக் காட்டிலும் கேவலம் வேறில்லை. அல்லாஹ்வின் மீது சத்தியம் செய்வதும் இந்த விஷயத்தில் நல்லதல்ல. முறித்தால் 10 ஏழைகளுக்கு உணவோ உடையோ, இயலாவிட்டால் 3 நோன்போ கஃப்பாரா வரும். கஃப்பாராவைக் கொடுத்து விட்டுப் புகைக்கலாம் என்று நஃப்ஸு அதிலும் ஒரு வழி கண்டு பிடிக்கும். வழுக்கி விட்டால் தவ்பாச் செய்து விட்டு அன்றிரவே மறுபடி நிய்யத்துச் செய்வதுதான் வழி. ஒரு நோன்பு முறிந்ததென்று ரமளானையே விட்டு விடுவோர் உண்டா?

பழக்கத்தைப் பிடுங்கினால் அந்த இடம் குழியாகத் தெரியும். எதைக் கொண்டாவது அது நிரம்பியே தீரும். ஆகவே வேறு பழக்கங்களை நட வேண்டும். மதுவைக் கூட அல்லாஹ் ஒரே நாளில் தடுக்கவில்லை. முதலில் அதன் தீங்கு நன்மையை விடப் பெரிது என்றான்; பிறகு போதையோடு தொழுகையை நெருங்க வேண்டாம் என்றான்; அதற்குப் பிறகே முற்றாகத் தடுத்தான். நடுவிலுள்ள கட்டளையைச் சிந்தியுங்கள். ஐந்து நேரத் தொழுகைக்குள் மதுவுக்கு இடம் தேடினால், இஷாவுக்குப் பின் தவிர நாளில் எங்கே இடமிருக்கும்? தொழுகை நேரத்தைப் பங்கு போட்டுப் பழக்கத்தை மூலைக்குத் தள்ளியது. புகைக்கும் இதே வழிதான்.

அவருடைய நாளை அவரே எண்ணிப் பார்த்தார். ஃபஜ்ருக்குப் பின் டீயோடு ஒன்று, ஷாப்புக்குள் நுழையுமுன் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு, வேலை விட்டதும் பெட்டிக் கடையில் தொங்கும் கயிற்று நெருப்பில் ஒன்று, அப்புறம் கணக்கில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று வைத்தோம். ஃபஜ்ருக்குப் பின் டீக்கடைக்குப் போகாமல் பாலாற்றுப் பக்கம் அரை மணி நடை. டீயை வீட்டில் பிள்ளைகளோடு குடிப்பது. மதியச் சாப்பாடு முடிந்ததும் உடனே எழுந்து லுஹருக்கு ஒளு. வாயை மூன்று தடவை நன்றாகக் கொப்பளித்த பின் புகையின் ருசி பாதி போய் விடும். சட்டைப் பையில் பீடிக் கட்டு இருந்த அதே இடத்தில் மிஸ்வாக்குக் குச்சி. கை பழக்கத்தால் பைக்குப் போகும், போகட்டும். கிடைப்பது ஸுன்னத்தாக இருக்கட்டும். ஆசை எழும்பும் வேகம் சில நிமிஷங்களில் தணிந்து விடுகிறது என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். ஒரு குவளைத் தண்ணீரை உட்கார்ந்து மூன்று மூச்சில் குடித்து, 33 தடவை தஸ்பீஹு ஓதி முடிப்பதற்குள் அதில் பெரும் பகுதி கழிந்து விடும். வேலை விட்டு வரும் வழியை மாற்றி, அந்தக் கயிறு தொங்காத தெரு வழியாக வீட்டுக்குப் போவது. இதைக் கேட்டு அவர் சிரித்தார். வீரமெல்லாம் பிறகு, முதல் மாதத்தில் எதிரியின் வீட்டு வாசலில் போய் நிற்காமல் இருப்பதே போதும்.

“ஷாப்பு நாற்றத்துக்குத்தான் ஹஜ்ரத் பீடி” என்று ஒரு நியாயமும் சொன்னார். பச்சைத் தோலின் வாடையை அறிந்தவர்கள் அதை இலேசாகப் பேச மாட்டார்கள். ஆனால் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த காற்றைச் சுவாசிக்கும் நெஞ்சுக்குப் புகை மருந்தாகுமா? அது நாற்றத்தைப் போக்குவதில்லை, மூக்கை மந்தமாக்குகிறது. கேட்க வேண்டியது காற்றோட்டமும் முகமூடியும். அதை முதலாளியிடம் கேட்க வேண்டும். “அஜல் வந்தால் போகப் போகிறோம்” என்பது மற்றொரு நியாயம். கொள்ளை நோய் பரவிய ஷாம் தேசத்துக்குள் போகாமல் உமர் (ரளி) அவர்கள் திரும்பியபோது, அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று கேட்கப்பட்டது. அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்ற கருத்தில் அவர்கள் பதில் சொன்னார்கள். விடுவதும் விதிக்குள்தான் இருக்கிறது.

வெறும் மனவுறுதி போதாதவர்கள் வைத்தியரிடம் போவதில் வெட்கமில்லை. நிக்கோட்டினைச் சிறிது சிறிதாகக் குறைக்கும் சூயிங்கமும், தோலில் ஒட்டும் பட்டையும் உண்டு. சூயிங்கம் நோன்பை முறிக்கும். தோலில் ஒட்டுவது எண்ணெய் தேய்ப்பதைப் போன்றது, முறிக்காது என்பது இக்கால உலமாக்கள் பலரின் கருத்து. 1800-11-2356 என்ற அரசு எண்ணில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும்; சிகரெட்டுப் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள், படிப்போர்தான் குறைவு. பீடியை விட்டு விட்டு ஹான்ஸுக்கோ, மூக்குப் பொடிக்கோ, 2019ல் தடை செய்யப்பட்ட மின் சிகரெட்டுக்கோ மாறுவது விடுதலையன்று.

ஷவ்வாலின் ஆறு நோன்பும் முடிந்த பின் அவர் வந்தார். 24 நாள் ஆயிற்றாம். நடுவில் ஒரு கல்யாண வீட்டில் பிரியாணிக்குப் பிறகு ஒன்று பிடித்து விட்டாராம். அன்றிரவே நிய்யத்தைப் புதுப்பித்தாராம். அல்ஹம்து லில்லாஹ் என்றோம். அவர் போகவில்லை. வீட்டார் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார் என்றார்.

“நீங்கள் பீடியை விட்டு விட்டீர்கள். நான் நாள் தோறும் சுருட்டுகிறேனே. என் சம்பாத்தியம் ஹலாலா என்று ஹஜ்ரத்திடம் கேட்டு வாருங்கள்” என்றாராம்.

வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், வாணியம்பாடி என்று நம் ஊர்களில் எத்தனை முஸ்லிம் வீடுகளில் வாசல் திரைக்குப் பின்னால் முறமும் பீடி இலையும் தூளும் நூலும் இருக்கின்றன என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கோஷாப் பெண்ணுக்கு வீட்டை விட்டு வெளியேறாமல் கிடைத்த வேலை இதுதான். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. குனிந்து குனிந்து முதுகு போய் விடுகிறது. தூள் மூச்சில் ஏறுகிறது. நிக்கோட்டின் விரல் தோல் வழியாகவும் உடம்பில் இறங்குகிறது. புகைக்காத அந்தப் பெண்ணும் புகையிலையைச் சுமக்கிறாள். அந்தக் கூலியில்தான் மகளின் மதரஸாச் சம்பளமும், சில வீடுகளில் கணவனின் பீடிக் காசும் கூட.

பாவத்துக்கு உதவக் கூடாது என்பது மாயிதாவின் 2ஆம் வசனம். எந்த அளவு உதவி பாவமாகும் என்பதில் ஃபுகஹாக்கள் ஆழமாகப் பேசியிருக்கிறார்கள். மது காய்ச்சுபவனுக்குத் திராட்சைச் சாறு விற்பதை இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் ஆகும் என்றார்கள். அவர்களின் இரு மாணவர்களும் மக்ரூஹ் என்றார்கள். சாற்றுக்கு வேறு உபயோகமுண்டு. சுருட்டிய பீடிக்கு உண்டா? ஆகவே அந்தச் சம்பாத்தியம் சுத்தமானது என்று நம்மால் எழுத இயலவில்லை. ஆனால் அந்தப் பெண்ணிடம் மட்டும் ஹராம் என்று சொல்லி முறத்தைக் கவிழ்க்கச் சொல்லவும் நமக்கு வாய் வரவில்லை. இஸ்திதாஅத்தின் முதல் பொருளைக் கணவரிடம் பேசினோமே, அதே அளவுகோலை இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். அவருக்குச் சாதனம் இருந்தது: பீடியை விட்டால் அவருடைய வீட்டில் எந்த அடுப்பும் அணையாது. இந்தப் பெண் விட்டால் அணையும். மாற்றுச் சாதனம் இவர் கையில் இல்லை. நம் கையில் இருக்கிறது. தோல் வியாபாரத்தில் கிடைத்த செல்வத்தைக் கொண்டு 1919ல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரியையும், 1924ல் உமராபாத்தில் தாருஸ்ஸலாமையும் எழுப்பிய சமுதாயம் நாம். நம் பள்ளிகளின் நன்கொடைப் பட்டியலில் பீடி மண்டிக்காரரின் பெயர் வந்தால் ஜஸாகல்லாஹ் என்று சொல்லி ரசீது கொடுக்கிறோம். சுருட்டுபவருக்குக் கடுமையும் விற்பவருக்கு மரியாதையும் என்பது எந்த ஃபிக்ஹிலும் இல்லை.

ஆகவே அவருக்கு நாம் அனுப்பிய பதில் இது: இதை வெறுத்துக் கொண்டு, வேறு வழி தேடிக் கொண்டு, கிடைத்த அன்றே விட்டு விடும் நிய்யத்தோடு செய்யுங்கள். தூளைப் பிள்ளைகள் தூங்கும் அறையில் வைக்காதீர்கள். வழி தேடும் பொறுப்பில் பாதி மஹல்லாவுடையது.

அந்தப் பாதியை ஜமாஅத்துக் கூட்டத்தில் வைத்தோம். ஷூ கம்பெனிகளுக்கு மேல் தோல் தைத்துக் கொடுக்கும் வேலையை வீட்டிலிருந்தே செய்ய, ஜகாத் நிதியில் தையல் மெஷின் வாங்கித் தரலாம் என்று ஒருவர் சொன்னார். மெஷினை ஏழைக்குச் சொந்தமாகவே கொடுத்து விட்டால்தான் ஜகாத் நிறைவேறும், இரவலாகக் கொடுத்தால் நிறைவேறாது என்பதை விளக்கினோம். அதில் அரை மணி நேரம் போயிற்று. முடிவில் இரண்டு மெஷினுக்குச் சம்மதித்தார்கள். பெயர் கொடுத்திருக்கும் பெண்கள் 11 பேர்.